காணாமல் போன முதல் படி

எக்ஸ் கதிர்களை 1895இல் ரான்ட்ஜன் கண்டறிந்தது ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில். அதே பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர்கள் 2016இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். ஒரு சிறிய மின்கருவிக்குள் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மின்னழுத்தம் எப்படி உயர்கிறது என்பதைக் காட்டும் வரைபடம் அது. கோடு வழவழப்பாக ஏறாமல் படிக்கட்டு போல ஏறியது. அதில் வியப்பில்லை. அந்தப் படிகள் ஒவ்வொன்றும் எந்த உயரத்தில் நிற்கும் என்பது 1963 முதலே தெரியும். வியப்பு வேறு இடத்தில் இருந்தது: தரையை அடுத்து வர வேண்டிய முதல் படியைக் காணவில்லை. கோடு நேராக இரண்டாம் படிக்குத் தாவியிருந்தது.

ஒரு படி இல்லாமல் போனதை உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்கள் ஏன் அவ்வளவு கூர்ந்து பார்த்தன? அந்த வெற்றிடம் உண்மையானால், இயற்கையில் இதுவரை யாரும் ஐயமறப் பிடித்துக் காட்டாத ஒரு நிலையின் தடம் அது. பிழையே செய்யாத குவாண்டம் கணினி என்ற கனவுக்கும் அது வழி காட்டக்கூடும். ஆனால் வேறு சாதாரணக் காரணங்களாலும் ஒரு படி மறையலாம். எந்தக் காரணம் என்று பிரித்தறிவதில்தான் இந்தத் துறையின் முழு உழைப்பும் இருக்கிறது. ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிட, கண்டது அதுதானா என்று உறுதி செய்வது பல மடங்கு கடினம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆய்வு இன்று அதிகம் இல்லை.

இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே

நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் 1911இல் பாதரசத்தைச் சுமார் 4 கெல்வின் வரை குளிர்வித்தபோது அதன் மின்தடை திடீரென மறைந்தது. மீக்கடத்தி என்ற பொருள்வகை அப்படித்தான் அறிமுகமானது. அது ஏன் நடக்கிறது என்பதை பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் 1957இல் விளக்கினார்கள். மீக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைகின்றன. கூப்பர் இணைகள் எனப்படும் இவை அனைத்தும் ஒரே அலையாக, ஒரே தாளத்தில் இயங்குகின்றன. அந்த அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கட்டம் என்பார்கள்.

இரண்டு மீக்கடத்திகளை அருகருகே வைத்து, நடுவில் மெல்லியதாக வேறொரு பொருளை வைத்தால் என்ன ஆகும்? கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பிரையன் ஜோசப்சன் 1962இல் கணக்கிட்டுச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 22. நடுப் பொருளைத் தாண்டியும் கூப்பர் இணைகள் செல்லும். மின்னழுத்தமே இல்லாமல் மின்னோட்டம் பாயும். அதன் அளவை இரு பக்கத்து அலைகளின் கட்ட வேறுபாடு தீர்மானிக்கும் என்றார். மீக்கடத்தியின் இரகசியத்தை விளக்கிய பார்டீனே இதை முதலில் ஏற்கவில்லை. மறு ஆண்டே பெல் ஆய்வுக்கூடத்தில் ஆண்டர்சனும் ரோவெலும் சோதனையில் காட்டிவிட்டார்கள். 1973இல் ஜோசப்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய அமைப்புக்கு ஜோசப்சன் சந்தி என்றே பெயர்.

இந்தச் சந்திக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் இரு முனைகளுக்கும் இடையே நிலையான மின்னழுத்தம் கொடுத்தால், உள்ளே மின்னோட்டம் முன்னும் பின்னுமாக அலையத் தொடங்கும். ஒரு மைக்ரோவோல்ட் கொடுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 48 கோடியே 36 லட்சம் முறை அலையும். இந்த விகிதம் பொருளைப் பொறுத்ததில்லை; பிளாங்க் மாறிலியையும் எலக்ட்ரானின் மின்னூட்டத்தையும் மட்டுமே பொறுத்தது. வெளியிலிருந்து நுண்ணலையை வீசினால் உள்ளே நடக்கும் அலைவு அதனோடு தாளம் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிக்கொள்ளும் மின்னழுத்தங்களில்தான் வரைபடத்தில் படிகள் தோன்றுகின்றன. அமெரிக்காவின் சிட்னி ஷாப்பிரோ 1963இல் இவற்றைக் கண்டார். ஷாப்பிரோ படிகள் என்று அழைக்கிறோம். இந்தப் படிகளின் துல்லியத்தை நம்பியே உலகின் தேசிய அளவியல் நிறுவனங்கள் இன்று வோல்ட் என்ற அலகை நடைமுறையில் நிலைநிறுத்துகின்றன. ஆகவே ஒரு படி தவறினால், அதை அளவுப் பிழை என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது.

உள்ளே காப்பான், விளிம்பில் கடத்தி

வூர்ஸ்பர்க் சந்தியில் நடுவே இருந்தது பாதரசமும் டெல்லூரியமும் சேர்ந்த மெர்க்குரி டெல்லுரைடு. டோபாலஜி மின்காப்பான் என்ற புதிய பொருள்வகையைச் சேர்ந்தது அது. உடல் முழுவதும் மின்சாரத்தைத் தடுக்கும். மேற்பரப்பிலோ விளிம்பிலோ மட்டும் தாராளமாகக் கடத்தும்.

இதைப் புரிந்துகொள்ளச் சடையில் கட்டும் ரிப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளையும் அப்படியே ஒட்டினால் ஒரு வளையம். ஒரு முனையை மட்டும் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு ஒட்டினால் இன்னொரு வளையம். இரண்டாவது வளையத்தை எவ்வளவு இழுத்தாலும் கசக்கினாலும் அந்தப் புரட்டு போகாது. வெட்டினால்தான் போகும். இப்படி வெட்டாமல் மாற்ற முடியாத குணங்களைப் பற்றிய கணிதமே டோபாலஜி. மெர்க்குரி டெல்லுரைடு போன்ற பொருள்களில் எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகள் இதேபோல் தலைகீழாகப் புரண்டு கிடக்கின்றன. வெளியே உள்ள காற்றிலோ சாதாரணக் காப்பானிலோ அந்தப் புரட்டு இல்லை. இரண்டும் சந்திக்கும் எல்லையில் புரட்டு அவிழ்ந்தாக வேண்டும். அவிழும் இடத்தில் பட்டைகளுக்கு இடையிலான ஆற்றல் இடைவெளி மூடிக்கொள்கிறது. அதனால் எல்லை கட்டாயமாகக் கடத்தியாகிறது. அந்த எல்லையில் எலக்ட்ரானின் தற்சுழற்சியும் அது ஓடும் திசையும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். எதிர்ப்படும் சிறு குறைகளில் மோதி நேர் பின்னோக்கித் திரும்புவது இதனால் தடுக்கப்படுகிறது.

கேனும் மீலும் 2005இல் முன்வைத்த இந்த எண்ணத்தை, மெர்க்குரி டெல்லுரைடில் தேடலாம் என்று 2006இல் பெர்னெவிக், ஹியூஸ், ஜாங் ஆகியோர் கணித்தார்கள். படலத்தின் தடிமன் சுமார் 6.3 நானோமீட்டரைத் தாண்டினால் பட்டைகள் புரளும், அதற்குக் கீழே புரளாது என்பது கணிப்பு. மறு ஆண்டே வூர்ஸ்பர்க்கில் மோலன்காம்பின் குழு அதைச் சோதனையில் காட்டியது. பிறகு பிஸ்மத் செலினைடு, பிஸ்மத் டெல்லுரைடு ஆகிய முப்பரிமாணப் பொருள்களும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தன.

இரண்டு சுற்று நடந்தால்தான் வீடு

இந்தப் பொருளின் மேற்பரப்பில் சாதாரண மீக்கடத்தியை ஒட்டிவைத்தால் மேற்பரப்பும் மீக்கடத்தும் இயல்பைக் கடன் வாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட சந்தியில் மஜோரானா நிலைகள் தோன்றும் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஃபூவும் கேனும் 2008இல் எழுதினார்கள். இத்தாலிய இயற்பியலாளர் எட்டோரே மஜோரானா 1937இல் சமன்பாட்டில் கண்ட விந்தைத் துகளின் பெயர் இது. தானே தனக்கு எதிர்த்துகளாக இருப்பது அதன் இயல்பு. மறு ஆண்டு ஒரு கப்பல் பயணத்தின்போது அவர் மறைந்துபோனார். என்ன ஆனார் என்பது இன்றும் புதிர். பொருளுக்குள் தோன்றும் மஜோரானா நிலை ஒவ்வொன்றும் ஒரு எலக்ட்ரான் நிலையின் பாதி. இரண்டு பாதிகளும் தள்ளித் தள்ளி இருப்பதால், ஓரிடத்தில் ஏற்படும் சிறு குழப்பம் அவற்றில் பதிந்த தகவலைக் கெடுக்காது. குவாண்டம் கணினி கட்டுவோர் இதன்மேல் ஆசை வைத்ததற்குக் காரணம் இதுவே.

மஜோரானா நிலை இருந்தால் ஜோசப்சன் சந்தியின் தாளம் மாறும். சாதாரணச் சந்தியில் கட்ட வேறுபாடு 360 டிகிரி சுற்றி வந்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். டோபாலஜி சந்தியில் ஒரு சுற்று போதாது. 720 டிகிரி சுற்ற வேண்டும். புரட்டி ஒட்டிய ரிப்பன் மேல் ஓர் எறும்பு நடந்தால், ஒரு சுற்று முடியும்போது அது மறுபக்கத்தில் இருக்கும். புறப்பட்ட இடத்துக்கு வர இன்னொரு சுற்று நடந்தாக வேண்டும். சந்தியிலும் அதுவே. தாளம் பாதியாகிறது. தாளம் பாதியானால் படிகளுக்கு இடையிலான உயரம் இரட்டிப்பாகும். அதாவது 1, 3, 5 என்ற ஒற்றைப்படைப் படிகள் மறைந்து 2, 4, 6 மட்டும் நிற்க வேண்டும். வூர்ஸ்பர்க் வரைபடத்தில் முதல் படி காணாமல் போனதன் பொருள் இப்போது விளங்கும்.

விண்வெளியைவிடக் குளிரில்

அளப்பது எப்படி? படலத்தின் மேல் நியோபியம் அல்லது அலுமினியத்தால் இரண்டு மின்முனைகளைப் படியவைக்கிறார்கள். நடுவே உள்ள இடைவெளி சில நூறு நானோமீட்டர்தான். அலுமினியம் 1.2 கெல்வினுக்குக் கீழும் நியோபியம் 9.2 கெல்வினுக்குக் கீழும் மீக்கடத்தியாகும். ஆனால் அந்தக் குளிர் போதாது. ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையால் இயங்கும் டைல்யூஷன் குளிர்விப்பானுக்குள் 20 மில்லிகெல்வின் அளவுக்குச் சந்தியைக் கொண்டுபோகிறார்கள். விண்வெளியின் பின்னணி வெப்பநிலை 2.7 கெல்வின், அதைவிட நூறு மடங்குக்கும் மேலான குளிர் இது.

அவ்வளவு குளிரிலும் ஓர் அபாயம் உண்டு. அளக்கும் கம்பிகள் அறை வெப்பநிலையில் இருந்து கீழே இறங்குகின்றன. அவற்றின் வழியே வானொலி அலைகளும் வெப்ப இரைச்சலும் சேர்ந்தே இறங்கும். குளிர்விப்பானின் தட்டு 20 மில்லிகெல்வின் காட்டினாலும் சந்திக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் அதைவிடச் சூடாக இருக்கலாம். இதைத் தடுக்கக் கம்பிகளில் அடுக்கடுக்காக வடிகட்டிகளை வைக்கிறார்கள். கம்பியை நுண்ணிய செம்புத் தூளுக்குள் புதைத்து அதிக அதிர்வெண் அலைகளை உறிஞ்சவைப்பது அவற்றில் ஒரு வகை. ஜோசப்சன் சந்தியில் குவாண்டம் விளைவுகளை 1980களில் காட்டியதற்காக 2025இல் நோபல் பரிசு பெற்ற கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவரின் சோதனைகளில் பயன்பட்ட உத்தி அது.

அளக்க நான்கு கம்பிகள் வேண்டும்: இரண்டு மின்னோட்டம் செலுத்த, இரண்டு மின்னழுத்தம் அறிய. கம்பியின் சொந்தத் தடை கணக்கில் கலக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. 5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையை வீசினால் ஒரு படியின் உயரம் சுமார் 10 மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவில்தான் ஒரு படி இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நுண்ணலைக்கு முன்பே காந்தப்புலச் சோதனை நடக்கும். சந்திக்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால், மின்தடையின்றிப் பாயக்கூடிய உச்ச மின்னோட்டம் ஏறி இறங்கும். மின்னோட்டம் சந்தியின் அகலம் முழுவதும் சீராகப் பாய்ந்தால் ஒற்றைப் பிளவு வழியே சென்ற ஒளியைப் போன்ற கோலம் வரும். விளிம்புகளில் மட்டும் பாய்ந்தால் இரட்டைப் பிளவின் கோலம் வரும். ஹார்வர்டில் யாகோபியின் குழு, வூர்ஸ்பர்க் படலங்களை வைத்து 2014இல் இதை அழகாகக் காட்டியது. எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் கதவு மின்முனையின் மின்னழுத்தத்தை மாற்றி உட்பகுதியைக் காப்பானாக்கியதும் முதல் கோலம் இரண்டாவதாக மாறியது. மீக்கடத்து மின்னோட்டம் விளிம்புகளில் ஓடுகிறது என்பதற்கு அது கண்ணால் காணும் சான்று.

மூன்று திசைகளிலிருந்து ஐயம்

இனிதான் கடினமான பகுதி. முதல் ஐயம் பொருளைப் பற்றியது. பிஸ்மத் செலினைடு படிகத்தில் செலினியம் அணுக்கள் சில தம் இடத்தில் இல்லாமல் போவதால் மிகை எலக்ட்ரான்கள் சேர்ந்துவிடுகின்றன. காப்பானாக இருக்க வேண்டிய உட்பகுதியும் கடத்தத் தொடங்குகிறது. அப்போது அளந்தது மேற்பரப்பையா உடலையா என்று சொல்ல முடியாது. ஆன்டிமனி, டெல்லூரியம் ஆகியவற்றை அளவாகக் கலந்து இதை ஈடுகட்டுகிறார்கள். காற்றுப் பட்டால் மேற்பரப்பு கெட்டுவிடும் என்பதால், ஜெர்மனியின் யூலிச் ஆய்வு மையத்தில் படலத்தை வளர்ப்பதையும் மின்முனை படியவைப்பதையும் வெற்றிடத்தைவிட்டு வெளியே எடுக்காமலே செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் ஐயம் வெப்பத்தைப் பற்றியது. உச்ச மின்னோட்டத்தைத் தாண்டியதும் சந்தி சூடாகிறது. சில சந்திகளில் மின்னழுத்தம் பூஜ்யத்திலிருந்து ஒரே தாவலில் முதல் படிக்கு மேலே போய்விடும். படி இருக்கும், நம் கண்ணில் படாது. முதல் படி ஒன்று மட்டும் மறைந்தால் இந்த விளக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. அதனால்தான் வூர்ஸ்பர்க் குழு 2017இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு முக்கியமானது. மெல்லிய மெர்க்குரி டெல்லுரைடு படலத்தில், ஒன்பதாம் படி வரை ஒற்றைப்படைப் படிகள் மறைந்திருந்தன. அதே ஆண்டில் வெளியான இன்னொரு சோதனை நுண்ணலை வீசுவதை விட்டுவிட்டு, சந்தியே உமிழும் அலையைக் காதுகொடுத்துக் கேட்டது. வழக்கமான அதிர்வெண்ணில் பாதியில் அலை வந்தது. வழி வேறு, விடை ஒன்று.

மூன்றாம் ஐயம் நேரத்தைப் பற்றியது, எல்லாவற்றிலும் ஆழமானது. வழிதவறிய ஓர் எலக்ட்ரான் சந்திக்குள் புகுந்தால் 720 டிகிரி தாளம் கலைந்து 360 டிகிரித் தாளமாகத் தோன்றும். ஆகவே அது புகும் முன்பே அளந்துவிட வேண்டும். மெதுவாக அளந்தால் மஜோரானா இருந்தும் தெரியாமல் போகும். சரி, வேகமாக அளக்கலாம் என்றால் அங்கே வேறு பொறி காத்திருக்கிறது. எலக்ட்ரான்கள் மிக எளிதாகக் கடக்கும் சாதாரணச் சந்தியில் இரண்டு ஆற்றல் மட்டங்கள் மிக நெருங்கி வரும். கட்டம் வேகமாக ஓடினால் எலக்ட்ரான் அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டி அடுத்த மட்டத்துக்குத் தாவிவிடும். வெளியே இருந்து பார்த்தால் அதுவும் 720 டிகிரி தாளமாகவே தெரியும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஷபானியின் குழு 2021இல் இதை நேரடியாகக் காட்டியது. இண்டியம் ஆர்சனைடால் ஆன, டோபாலஜி இயல்பு எதுவும் இல்லாத சந்தியில் ஒற்றைப்படைப் படி மறைந்தது.

இந்த ஒரு முடிவு துறையையே நிறுத்தி யோசிக்க வைத்தது. மெதுவாகப் போனால் உண்மை மறைகிறது. வேகமாகப் போனால் பொய் உண்மையைப் போல நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய சாளரம் இருக்கிறதா, இருந்தால் எங்கே என்பதை ஒவ்வொரு சந்திக்கும் தனித்தனியாகக் கண்டறிய வேண்டியிருக்கிறது.

ஐயமே முறை

பக்கத்துத் துறைகளில் நடந்ததும் இந்த எச்சரிக்கையை வலுப்படுத்துகிறது. நானோ கம்பிகளில் மஜோரானாவின் அடையாளத்தை அளந்ததாக 2018இல் நேச்சர் இதழில் வெளியான டெல்ஃப்ட் கட்டுரையை, தரவுகளை மறுபடி ஆராய்ந்த பிறகு ஆசிரியர்களே 2021இல் திரும்பப் பெற்றார்கள். காந்த இயல்பேற்றிய டோபாலஜி காப்பானும் மீக்கடத்தியும் சேர்ந்த கருவியில் மஜோரானாவைக் கண்டதாக 2017இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையும் 2022இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன்பே, 2020இல், அதே வகைக் கருவிகளை அளந்த பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் குழு, அந்த அடையாளம் மஜோரானா இல்லாமலே வரும் என்று காட்டியிருந்தது.

இவற்றைத் துறையின் தோல்வி என்று படிப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. அந்தத் திருத்தங்களைச் செய்தவர்கள் வெளியாட்கள் இல்லை. அதே கருவிகளை அளக்கத் தெரிந்த இயற்பியலாளர்களே. மூல அளவுகளைக் கேட்டார்கள், மீண்டும் செய்து பார்த்தார்கள், ஒத்துவராததை ஒத்துவரவில்லை என்று எழுதினார்கள். வூர்ஸ்பர்க் படலங்களின் பெரும் பலமும் இங்கேதான் இருக்கிறது. தடிமனை 6.3 நானோமீட்டருக்குக் கீழே குறைத்தால் அதே பொருள், அதே மின்முனை, அதே குளிர்விப்பான், ஆனால் டோபாலஜி மட்டும் இருக்காது. விளைவு அங்கே மறைய வேண்டும். இப்படி ஒப்பிட்டுப் பார்க்க இடம் தரும் பொருள் கையில் இருப்பது பெரிய வரம்.

இன்றைய நிலையில் டோபாலஜி சந்திகளில் பாதித் தாளம் அளக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மஜோரானா ஒன்றே காரணம் என்று நிறுவப்படவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொல்பவர் விளம்பரம் செய்கிறார். இரண்டாவதை மட்டும் சொல்பவர் பல ஆண்டு உழைப்பை மறுக்கிறார். மஜோரானாவைப் பிடித்துவிட்டோம் என்று அடுத்த முறை தலைப்புச் செய்தி வரும்போது வாசகர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. டோபாலஜி இல்லாத ஒப்பீட்டுக் கருவியில் என்ன கிடைத்தது? வேகத்தை மாற்றியபோது விளைவு எப்படி மாறியது? வேறொரு ஆய்வுக்கூடம் வேறொரு முறையில் அதையே கண்டதா? மூல அளவுகள் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றனவா? மில்லிகெல்வின் குளிரில் மைக்ரோவோல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சியாளர்கள் தங்களையே தினமும் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. இவற்றுக்கு விடை தரும் அளவீடு எதுவோ, அதன்மேல்தான் நாளைய குவாண்டம் கணினியைக் கட்ட முடியும்.